கற்பனை நகரத்தின் மரச்சட்ட வீடுகள்

மேசைப் போர் விளையாட்டு என்றொரு பொழுதுபோக்கு ஐரோப்பாவில் நெடுங்காலமாக இருக்கிறது. ஓர் அங்குல உயரப் பொம்மை வீரர்களை மேசைமேல் நிறுத்தி, அளவுகோலால் தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பார்கள். இங்கிலாந்து எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் இதற்காக ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலை எழுதினார். 1983இல் வெளிவந்த ‘வார்ஹாமர்’ விளையாட்டில் பூதங்களும் மந்திரவாதிகளும் மேசைமேல் நிற்கிறார்கள்.

வீரர்கள் கற்பனை, நாடும் கற்பனை. ஆனால் மேசைமேல் நிற்கும் வீடுகள் கற்பனையல்ல. வார்ஹாமரில் வரும் ‘எம்பயர்’ என்ற நாடு, 16ஆம் நூற்றாண்டு ஜெர்மனியை உள்ளடக்கிய புனித ரோமானியப் பேரரசைப் பார்த்துப் படைக்கப்பட்டது. எனவே அதன் தெருக்களில் நிற்பவை ஜெர்மானிய மரச்சட்ட வீடுகள். வடக்கு ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில் உள்ள குவெட்லின்பர்க் நகரில் இத்தகைய வீடுகள் இன்றும் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. யுனெஸ்கோ 1994இல் அந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இதில் ஆசிரியருக்கு என்ன இருக்கிறது? நம் பள்ளிகளில் மாதிரி வீடு செய்யாத மாணவர் இல்லை. தெர்மாகோல் பெட்டிக்கு வண்ணம் பூசி, மேலே கோடுகள் இழுத்தால் வீடு தயார். தேர்ந்த விளையாட்டு மாதிரிக் கலைஞர்கள் இப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு கட்டையும் அங்கே ஏன் இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் ஒட்டுகிறார்கள். பூதம் வாழும் வீடானாலும் கூரையின் பாரம் தரைக்கு எப்படி இறங்குகிறது என்று தெரிந்தால்தான் பார்ப்பவர் அதை நம்புவார்.

மரச்சட்ட வீட்டின் சுவர் பாரம் தாங்குவதில்லை. ஓக் மரத் தூண்களும் உத்தரங்களும்தான் எலும்புக்கூடு. ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி மற்றதன் துளைக்குள் செருகி, மர ஆணி அடித்து இறுக்கினார்கள். இடைவெளிகளில் குச்சிகளைக் கூடைபோலப் பின்னி, களிமண்ணோடு வைக்கோலும் சாணமும் பிசைந்து அப்பினார்கள். நம் ஊரில் வரிச்சு கட்டி மண் பூசிய சுவரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சட்டங்களுக்குக் குறுக்கே சாய்வாகச் செல்லும் கட்டைகளைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். வகுப்பில் நான்கு ஐஸ் குச்சிகளை மூலைகளில் குண்டூசியால் இணைத்து ஒரு சதுரம் செய்யச் சொல்லுங்கள். லேசாகத் தள்ளினாலே சாய்ந்துவிடும். மூலைவிட்டமாக இன்னொரு குச்சியைச் சேர்த்தால் அசையாது. முக்கோணம் உருக்குலையாது என்ற வடிவியல் உண்மை விரலுக்குத் தெரிந்துவிடும். காற்று தள்ளினாலும் வீடு சாயாமல் நிற்பது இந்தக் கட்டைகளால்தான். ஜெர்மானியத் தச்சர்கள் இவற்றைக் கைகால் விரித்து நிற்கும் மனித உருவம்போல அமைத்து, அதற்குக் ‘காட்டு மனிதன்’ என்று பெயரும் வைத்தார்கள். அழகு வந்தது உண்மை, ஆனால் வேலைக்குப் பின்னால்தான் வந்தது.

தச்சுக்கூடத்தின் முற்றத்திலேயே முழுச் சட்டத்தையும் பொருத்திப் பார்த்து, பிரித்து, வீடு எழும் இடத்துக்கு எடுத்துச் சென்று மீண்டும் நிறுத்துவது வழக்கம். எந்தக் கட்டை எதனோடு சேரும் என்பதற்கு உளியால் ரோமானிய எண்களைப் பொறித்தார்கள். உளிக்கு வளைவைவிட நேர்கோடு எளிது. ரோமானிய எண்களைக் கடிகாரத்தை மட்டும் காட்டி நடத்தும் நமக்கு இது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

மேல்மாடி கீழ்மாடியைவிடத் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். கோட்டை மதிலுக்குள் மனை குறைவு. தரையில் கிடைக்காத இடத்தைத் தெருவின் மேல் எடுத்துக்கொண்டார்கள். கீழ்ச்சுவரில் மழை படாதது கூடுதல் பயன். இங்கிலாந்தின் யார்க் நகரில் ‘ஷாம்பிள்ஸ்’ என்னும் பழைய கசாப்புக்கடைத் தெருவில் எதிரெதிர் மாடிகள் ஒன்றையொன்று தொட்டுவிடுமோ எனத் தோன்றும்.

இனி அளவு. 28 மில்லிமீட்டர் பொம்மை 1.7 மீட்டர் மனிதரைக் குறித்தால் விகிதம் ஏறத்தாழ 1:60. அதன்படி 6 மீட்டர் அகல வீடு 10 சென்டிமீட்டர். மாடிக்கு 2.4 மீட்டர் உயரம் என்றால் இரண்டு மாடிகளும் சேர்ந்து 8 சென்டிமீட்டர்தான். கூரையின் சரிவு 60 பாகை எனில் கூரை மட்டும் 8.7 சென்டிமீட்டர் வரும். மாடிகளைவிடக் கூரை பெரியது! மாணவர்கள் நம்பமாட்டார்கள், டேன்ஜென்ட் போட்டுப் பார்க்கட்டும். மழையும் பனியும் தங்காமல் வழிய அந்தச் சரிவு தேவைப்பட்டது. உள்ளே கிடைத்த பரணில் தானியம் சேமித்தார்கள். மூட்டையைக் கயிற்றில் ஏற்ற, முகப்பின் உச்சியில் ஓர் உத்தரம் வெளியே நீண்டிருக்கும். மாதிரியில் அதையும் ஒரு தீக்குச்சியால் வைத்துவிட்டால் வீட்டில் ஆள் குடியிருப்பது தெரிந்துவிடும்.

விளையாட்டு வீடுகளில் ஒரு பிழை தொடர்ந்து வருகிறது. எல்லாக் கட்டையும் கறுப்பு, எல்லாச் சுவரும் வெள்ளை. இங்கிலாந்தில் அந்தக் கறுப்பு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு நாகரிகம். அதற்கு முன் பூசாமல் விடப்பட்ட ஓக் வெயிலிலும் மழையிலும் வெளிறிச் சாம்பல் நிறமாகியிருந்தது. கோணல்மாணலான தோற்றம் மட்டும் கற்பனையல்ல. காய்ந்த ஓக்கைச் செதுக்குவது கடினம் என்பதால் பச்சை மரத்தில் வேலை செய்தார்கள். வீடு கட்டிய பிறகு மரம் காய்ந்து முறுக்கிக்கொண்டது. இங்கிலாந்தின் லாவன்ஹாம் கம்பளித் துணி வணிகத்தால் செழித்த ஊர். வணிகம் நொடித்தபின் இடித்துக் கட்டப் பணமில்லாததால் அந்தக் கோணல் வீடுகள் தப்பின.

1999இல் வந்த ‘மோர்ட்ஹைம்’ என்ற விளையாட்டு முழுவதும் வால்நட்சத்திரம் விழுந்து சிதைந்த ஒரு நகரத்தில் நடக்கிறது. வீட்டைவிட இடிபாட்டைச் செய்யவே பிள்ளைகளுக்கு ஆசை அதிகம். அந்த ஆசையைத் தடுக்க வேண்டாம். ஆனால் ஹில்டஸ்ஹைம் நகரின் கதையைச் சொல்லிவிட்டுத் தொடங்கலாம். 1529இல் கட்டப்பட்ட அதன் கசாப்புக்காரர் சங்க மாளிகை, ஜெர்மனியின் புகழ்பெற்ற மரச்சட்டக் கட்டடங்களுள் ஒன்று. 1945 மார்ச் 22 அன்று குண்டுவீச்சில் அதுவும் பழைய நகரின் பெரும்பகுதியும் எரிந்தன. 1980களின் இறுதியில் அதே இடத்தில், அதே வடிவில், மரத்தாலேயே மீண்டும் எழுப்பினார்கள்.

எரிந்த மரச்சட்ட வீட்டில் என்ன மிஞ்சும் என்று மாணவர்களையே கேளுங்கள். கூரையும் மாடிப்பலகையும் போய்விடும். பருத்த ஓக் தூண் மேலே கரியாகி, அந்தக் கரியே கவசமாகி, சில இடங்களில் நிற்கும். கல் அடித்தளமும் புகைபோக்கியும் நிற்கும். களிமண் பூச்சு சூளையில் வைத்ததுபோலச் சுட்டு இறுகி, கட்டியாக விழும். அகழாய்வில் அத்தகைய கட்டிகள் கிடைக்கும்போது, உள்ளிருந்த குச்சிகள் எரிந்துபோயிருந்தாலும் அவற்றின் பின்னல் தடம் மண்ணில் அப்படியே இருக்கிறது. ஈரக் களிமண்ணில் ஈர்க்குச்சியை அழுத்தி எடுத்தால் அந்தத் தடத்தை மாதிரியிலும் கொண்டுவரலாம்.