முதல் கண்

"பெரிய டாக்டர்தானே ஆபரேஷன் பண்ணுவார்?" ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலிருந்து கண்புரைக்கு வரும் பாட்டி இப்படிக் கேட்டால் அது நியாயம்தான். ஆனால் பெரிய டாக்டருக்கும் முதல் கண் என்று ஒன்று இருந்திருக்கும்.

திருச்சியில் ஜோசப் கண் மருத்துவமனை 1934 முதல் இயங்குகிறது. புத்தூர் அரசு மருத்துவமனையோடு இணைந்த கி.ஆ.பெ. விசுவநாதம் மருத்துவக் கல்லூரி 1997-இல் வந்தது. எங்கே படித்தாலும் கண் மருத்துவ மேற்படிப்பான எம்.எஸ். மூன்றே ஆண்டு, அதற்குள் கை பழகியாக வேண்டும்.

பழக வேண்டியது லேசான காரியமல்ல. கண் லென்ஸைப் போர்த்திய உறையின் முன்பக்கம் சுமார் 14 மைக்ரான் தடிமன். பின்பக்க நடுவிலோ 4 மைக்ரான்தான். முன்னுறையில் ஐந்து மில்லிமீட்டர் அகலத்துக்கு வட்டமாகக் கிழிக்க வேண்டும். கோணம் சற்றுப் பிசகினால் கிழிசல் ஓரத்துக்கு ஓடிவிடும். பின்னுறை கிழிந்தாலோ, உள்ளே இருக்கும் விட்ரியஸ் கூழ் முன்னால் பிதுங்கும். இவ்வளவும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே. காலோ ஃபோகஸ் பெடலில்.

அதனால் முதலில் ஆட்டுக்கண். கறிக்கடையில் கிடைப்பதுதான். பூசணியிலும் வெள்ளரியிலும் வெட்டிப் பழகச் சொன்ன பழங்கால அறுவை மருத்துவர் சுஸ்ருதர் இதைக் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார். ஆனால் ஆட்டின் உறை தடிப்பு, ரப்பர்போல் இழுபடும். மனிதக் கண்ணில் அந்தக் கணக்கு செல்லாது.

நோயாளியிடம் வரும்போது முழு ஆபரேஷனையும் கையில் கொடுத்துவிடுவதில்லை. எளிதான கட்டங்கள் முதலில்: செயற்கை லென்ஸ் வைப்பது, மிச்சப் புரையைக் கழுவி உறிஞ்சுவது. வட்டக் கிழிப்பு பிறகு. மூத்தவர் மைக்ராஸ்கோப்பின் இன்னொரு குழாயில் கண் வைத்திருப்பார். கருவி தடுமாறினால் வாங்கிக்கொள்வார். பாட்டியிடம் இதை முன்கூட்டியே, மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி.

கணினிக் கண்ணில் பழகும் சிமுலேட்டரும் உண்டு. பிரிட்டனில் அது பரவிய 2009-2015 காலத்தில், முதல் இரண்டு ஆண்டுப் பயிற்சி மருத்துவர்கள் கையில் பின்னுறை கிழிவது 4.2 சதவீதத்திலிருந்து 2.6 ஆகக் குறைந்தது. கருவியின் விலைதான் எட்டாதது. அது கைக்கு எட்டும்வரை, பகலில் வார்டு வேலையில் மூழ்கும் மாணவருக்கு ஆட்டுக்கண் ஆய்வகத்தை மாலையிலும் திறந்துவைத்து, அருகில் ஒரு மூத்தவரை உட்கார வைக்கலாம். லாக்புக்கில் எத்தனை ஆபரேஷன் என்று எண்ணுவதோடு, எந்தக் கட்டத்தில் கருவி கைமாறியது என்றும் குறித்துவைத்தால், மறுநாள் எதைப் பழக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.