வாளைத் தேய்க்காதீர்கள், வயது அழிந்துவிடும்

2023 மே 23 அன்று லண்டன் போன்ஹாம்ஸ் ஏலத்தில் ஒரு வாள் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. திப்பு சுல்தானின் படுக்கையறையில் கிடைத்த வாள் அது. திப்பு பிறந்த தேவனஹள்ளி, பெங்களூரு விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர். அதனால் இந்த நகரத்தில் யார் வீட்டுப் பரணில் பழைய வாள் கிடைத்தாலும் அதன்மேல் திப்புவின் பெயர் ஒட்டிக்கொள்வதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஒரு வாள் யாருடையது, எந்தக் காலத்தது என்பதைச் சொல்லவேண்டியது அந்த வாள்தான். தாத்தா சொன்ன கதை அதற்குப் பின்னால்தான் வரவேண்டும்.

அந்த ஏல வாளையே பாருங்கள். 1799 மே 4 அன்று திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் ஆங்கிலேயரிடம் விழுந்தபின், கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கிய டேவிட் பெயர்டுக்கு அது பரிசாகத் தரப்பட்டது. 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் மைசூர்ப் படையிடம் தோற்று, அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆண்டுக்கணக்கில் சிறைப்பட்டுக் கிடந்தவர் அவர். வாளில் அரசனின் வாள் என்று பொருள்படும் பொறிப்பு இருக்கிறது. கைப்பிடியில் தங்க எழுத்தில் இறைவனின் பெயர்கள். அலகோ, ஜெர்மன் வாள்களைப் பார்த்து முகலாயக் கொல்லர்கள் அடித்தது. வடிவத்தை மட்டும் பார்த்தவர் வெளிநாட்டு வாள் என்று ஒதுக்கியிருப்பார்.

அலகும் கைப்பிடியும் ஒரே வயதாக இருக்கவேண்டியதில்லை. நல்ல அலகு பல தலைமுறை உழைக்கும். கைப்பிடி மாறிக்கொண்டே இருக்கும். எனவே இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும்.

1809 முதல் ஆங்கிலேயக் கண்டோன்மென்ட் இருந்த ஊர் பெங்களூரு. இங்கே பரம்பரையாக வந்த வாள் ஆங்கிலேய அதிகாரி வாளாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கண்டுபிடிப்பதும் எளிது. அலகிலோ கைக்காப்பிலோ கிரீடமும் அதன்கீழ் அரசரின் முதலெழுத்துகளும் இருக்கும்: விக்டோரியா என்றால் 1837 முதல் 1901 வரை, ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910 முதல் 1936 வரை. வில்கின்சன் கம்பெனி செய்த அதிகாரி வாள்களில் 1850களிலிருந்து அலகின் முதுகில் வரிசை எண் வெட்டப்பட்டது. அந்த எண்ணை அந்தக் கம்பெனியின் பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டால் செய்த ஆண்டு தெரியும். சில நேரம் முதலில் வாங்கியவர் பெயரும் தெரிந்துவிடும்.

நாட்டு வாள்கள் இவ்வளவு சுலபமாகப் பிடிகொடுக்காது. பெரும்பாலான கொல்லர்கள் பெயரே விடவில்லை. பெயர் இருந்தாலும் நம்பிவிடக்கூடாது. இஸ்ஃபஹான் கொல்லர் அசதுல்லாவின் பெயரைப் பிற்காலத்தவர் எண்ணற்ற வாள்களில் பொறித்தார்கள். ஐரோப்பாவில் ஆண்ட்ரியா ஃபெராரா என்ற கொல்லரின் பெயருக்கும் இதே கதி. திப்புவின் ஆயுதச்சாலைப் பொருள்களுக்குச் சில அடையாளங்கள் உண்டு: புலிவரிகள், அவர் தந்தை ஹைதரின் பெயரைக் குறிக்கும் அரபி முதலெழுத்து, திப்பு கொண்டுவந்த மௌலூதி ஆண்டு. அந்த ஆண்டின் இலக்கங்களை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும். இதில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் போதாது, ஏனென்றால் எதையும் போலியாக வெட்ட முடியும்.

அடுத்தது எஃகு. மைசூர், சேலம் பக்கங்களில் மூடிய மண்கலத்தில் உருக்கி எடுத்த எஃகில் கார்பன் சுமார் ஒன்றரை சதவீதம். அடித்துப் பதமாக்கியபின் அலகில் ஓடும் நீர்போன்ற வரிகள் தெரியும். பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எஸ். ரங்கநாதனும் தேசிய மேம்பட்ட ஆய்வு நிறுவனத்தின் சாரதா சீனிவாசனும் இந்த எஃகைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார்கள். இந்த வரி எஃகின் வகையைச் சொல்லும். நூற்றாண்டைச் சொல்ல அது மட்டும் போதாது.

எனக்கு மனசு பதறுவது ஆயுதபூஜையின்போதுதான். பரணிலிருந்து இறக்கிய வாளைப் புளியும் உப்புத்தாளும் போட்டுப் பளபளவென்று தேய்த்து, சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள். அந்தத் தேய்ப்பில் வரிசை எண் மங்கும், தங்க எழுத்து உதிரும், நீர்வரி மறையும். போனால் போனதுதான். பூஜைக்கு வாளை எடுப்பது நல்ல வழக்கம், அது தொடரட்டும். பொட்டை மட்டும் கீழே விரித்த துணியிலோ பலகையிலோ வையுங்கள். வாளை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயை மெல்லிசாகப் பூசினால் போதும். சாய்ந்த வெளிச்சத்தில் அலகின் இரு பக்கம், முதுகு, கைப்பிடி எல்லாவற்றையும் படமெடுங்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைப் பாட்டியிடம் கேட்டுத் தேதியோடு எழுதிவையுங்கள்.

நூறாண்டு கடந்த வாள், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. லண்டன் ஏல விலையைக் காட்டி யாராவது வாங்க வந்தால், கோரமங்களாவில் இருக்கும் தொல்லியல் துறை அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். திரும்பப் பரணில் வைக்கும்போது வாளைத் தோலுறைக்குள் செருகவேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பை அரித்துவிடும். உறையைத் தனியாக வையுங்கள்.