நகரைத் தைப்போம்: துண்டுத்துணிப் போர்வை செய்யும் முறை

பழைய சேலை, சாரம், பாடசாலைச் சீருடை என்று எமது வீடுகளில் ஒதுக்கப்படும் பருத்தித் துணிகளுக்குக் குறைவில்லை. அவை பெரும்பாலும் அடுப்படியில் கரித்துணியாகவே முடிகின்றன. அவற்றை வெட்டி இணைத்து, இரண்டு மூன்று படையாகத் தைத்தால் பல்லாண்டு பாவிக்கக்கூடிய போர்வையொன்று கிடைக்கும். மேலைநாட்டார் இதனைக் 'குயில்ற்' என்பர். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, ஓட்டத் தையலிட்டுச் செய்யும் 'காந்தா'வும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

அண்மையில் எமது தையல் வகுப்புப் பெண்கள் தாம் நேசிக்கும் யாழ்ப்பாண நகரை இவ்வாறு ஒரு போர்வையில் அமைத்தனர். 1995 ஒக்ரோபர் 30 இல் அந்நகரை விட்டு நடந்தவர்கள் அவர்களிற் பலர். அவர்களோடிருந்து நாம் கற்றவற்றை இங்கு தருகிறோம்.

அளவும் துணியும்

ஓர் அடிச் சதுரங்கள் 12 தேவை. அகலத்தில் 3, நீளத்தில் 4 என அடுக்கி, சுற்றிவர 6 அங்குலக் கரை வைத்தால் போர்வை 4 அடி அகலமும் 5 அடி நீளமும் கொண்டதாக அமையும். தையலுக்காக ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் விடவேண்டியிருப்பதால், சதுரங்களை 13 அங்குலமாகவும் கரைத்துணியை 7 அங்குல அகலமாகவும் வெட்டுங்கள்.

துணிகளை முன்கூட்டியே தோய்த்துக் காயவையுங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். ஈரத்துணியை வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள்; சாயம் பிடித்தால் அத்துணியைத் தவிருங்கள். பழஞ்சேலையில் அதிகம் தேய்ந்த பகுதிகளை ஒதுக்கிவிட்டு வெட்டுங்கள்.

படங்களைத் தெரிதல்

இதுவே முக்கியமான வேலை. எமது பெண்கள் நகரின் வரைபடத்தைத் தரையில் விரித்து, மேற்பக்கத்தை வடக்காகக் கொண்டனர். வலது மேல் மூலையில் நல்லூர்க் கோபுரம். நடுவில் 1882 இல் கட்டிமுடிக்கப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரமும் பெரியகடையும். இடது கீழே ஐங்கோணக் கோட்டையும் பண்ணைப் பாலமும். தெற்கே மரியன்னை பேராலயமும் குருநகர் வள்ளங்களும் என்று இடம் குறித்தனர். கீழ்க்கரைக்கு நீலத்துணி, அதுவே கடனீரேரி.

நூலகத்தில் வாக்குவாதம் எழுந்தது. 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்த கட்டடத்தைத் தைப்பதா, மீளக் கட்டப்பட்டதைத் தைப்பதா? வெள்ளைக் கட்டடத்தைத் தைத்து, அதன் அடியில் கருந்துணிக் கோடொன்று வைப்பதென முடிவாயிற்று.

இடது மேல் மூலைக்கு ஒன்றும் தோன்றவில்லை. "ஒரு பனையை வைப்பம்" என்றார் ஒருவர். மூலையில் இருந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்த வயோதிப மாது தலை நிமிராமலே, "அது சோனகதெரு எல்லோ, சுவாமி?" என்று எம்மைக் கேட்டார்.

எவரும் பேசவில்லை. 1990 ஒக்ரோபர் 30 இல் விடுதலைப் புலிகளின் கட்டளைப்படி, இரண்டு மணி நேர அவகாசத்தில், யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அம்மாத இறுதியில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு போகவேண்டியதாயிற்று. சரியாக ஐந்தாண்டு கழித்து அதே திகதியில் நாம் நடந்தோம். எமது நடையை ஆண்டுதோறும் நினைவுகூரும் நாம், அவர்கள் நடந்த வேளையில் பெரும்பாலும் மௌனமாயிருந்தோம். அம்மாது மேலும் சொன்னார்: "எனக்கு மெசின் பழக்கினதே அந்தத் தெருத் தையல்காரர்தான்."

அச்சதுரம் அன்று வெறுமையாகவே விடப்பட்டது.

தைத்து இணைத்தல்

படத்தைக் காகிதத்தில் வரைந்து, துணியில் வைத்து, சுற்றிவரக் கால் அங்குலம் கூட்டி வெட்டுங்கள். அந்தக் கால் அங்குலத்தை உள்ளே மடித்துச் சதுரத்தின் மேல் நுண்ணிய தையலால் பொருத்துங்கள். பெரிய உருவங்களே நன்று. மணிக்கூட்டின் முள், வள்ளத்தின் கயிறு போன்றவற்றுக்குச் சங்கிலித் தையல் போதும்.

முதலில் மூன்று மூன்று சதுரங்களாக இணைத்து நான்கு வரிசைகள் ஆக்குங்கள். பின்பு வரிசைகளை இணைத்து, கரைத்துணியைத் தையுங்கள். ஒவ்வொரு தையலையும் ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தினால் மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தும்.

அடித்துணி ஒவ்வொரு பக்கமும் 3 அங்குலம் பெரிதாக இருக்கட்டும். அதன்மேல் பழைய படுக்கை விரிப்பொன்று, அதற்குமேல் படத்துணி. எமது வெக்கைக்குப் பஞ்சு வேண்டியதில்லை. மூன்றையும் பெரிய நூலோட்டத்தால் பிடித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஓட்டத் தையலிடுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கம் நடுவில் வந்து சேரும். பின்பு அதை எடுக்க முடியாது. இறுதியில் ஓரங்களைச் சமமாக வெட்டி, பட்டித்துணியால் சுற்றிக் கட்டுங்கள்.

பன்னிரண்டாவது சதுரம்

சோனகதெருவை நாமே தைத்துவிடலாம் என்றனர் சிலர். அது முறையல்ல என்று பட்டது. மீளக் குடியேறிய முஸ்லிம் குடும்பமொன்றின் தாயிடம் வெறுஞ்சதுரத்தைக் கொண்டுசென்றோம். அவர் அதனை நெடுநேரம் மடியில் வைத்திருந்தார். இரண்டு வாரத்தின் பின் தைத்து அனுப்பினார். பள்ளிவாசலை எதிர்பார்த்திருந்தோம். துணியில் இருந்ததோ ஒரு வீட்டுக் கதவு, வெளியே பூட்டு, பூட்டுக்குச் சிவப்பு நூல்.

போர்வை முடிந்த நாளில் அவரையும் அழைத்திருந்தோம். அவர் வந்து, பொத்தான் தைத்த அம்மாவுக்கு அருகில் இருந்து, தமது சதுரத்தின் ஓரத்தைத் தாமே தைத்து முடித்தார்.

நீங்களும் உங்கள் ஊரையோ நகரையோ தைக்க முற்படுவீர்களாயின், கத்தரிக்கோலை எடுக்குமுன் பட்டியலை எடுங்கள். அங்கு வாழ்ந்த எவருடைய தெரு அதில் இல்லை என்று கேளுங்கள். அந்தச் சதுரத்தை உரியவரிடமே கொடுங்கள்.