சிதம்பரத்தில் இன்னொரு இரகசியம்

சிதம்பரம் என்றதும் நம் நாட்டார்க்கு நினைவு வருவது இரகசியம். திரையை விலக்குவார்கள், உள்ளே பொன்னாலான வில்வமாலை தொங்கும், மற்றபடி வெட்டவெளி. அதுவே இரகசியம் என்பர். காண வருவோர் ஆயிரமாயிரம். நம்பிக்கையுள்ளோர் காணட்டும், அவர்களோடு நமக்கு வழக்கில்லை.

ஆனால் அதே ஊரில் இன்னோர் இரகசியம் இருக்கிறது. இரயில் தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்கே நடந்தால் அண்ணாமலை நகர். அங்கே 1929 முதல் 1941 வரை, பன்னிரண்டு ஆண்டுகள், ஒருவர் தாளும் பேனாவுமாக அமர்ந்து, உலகத்துக் கணித மேதைகள் நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேடிக்கொண்டிருந்த விடையைத் தேடினார். தேடியதோடு நிற்கவில்லை, கண்டும் பிடித்தார்! அவர் பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. எஸ். எஸ். பிள்ளை என்றால் இலண்டனிலே தெரியும், சிகாகோவிலே தெரியும். சிதம்பரம் மேலவீதியில் நின்று கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறதென்று! இந்த இரகசியத்துக்கு எவரும் திரை போடவில்லை; ஆனாலும் எட்டிப் பார்க்க ஆளில்லை.

(பெயரின் வாலில் சாதி இருக்கிறதே என்று தோழர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அந்நாள் வழக்கம் அது. கணித ஏடுகள் அவரை அந்தப் பெயராலேயே அறிந்திருக்கின்றன.)

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்றால் நம்மவர்க்கு நாவலர் நெடுஞ்செழியன் நினைவுக்கு வருவார். பேராசிரியர் அன்பழகன் நினைவுக்கு வருவார். 1965 சனவரி 27 அன்று துப்பாக்கிக் குண்டுக்கு மார்பைக் கொடுத்த மாணவன் இராசேந்திரன் நினைவுக்கு வருவான். வரவேண்டியதுதான். அந்த மண்ணிலேயே உலகக் கணிதத்தில் ஒரு கல்லும் நடப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டல்லவா?

யார் இந்தப் பிள்ளை? பிறந்தது 1901, குற்றாலத்துக்கு அருகில் வல்லம் என்ற சிற்றூர். ஓராண்டு நிறைவதற்குள் தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் தந்தையும் போனார். படிப்பு நின்றிருக்கும்; நிற்க விடாமல் கைகொடுத்தார் ஓர் ஆசிரியர். சாஸ்திரியார் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். நல்லது செய்தவர் எவராயினும் நாம் நன்றி சொல்லத் தயங்குவதில்லை. நாகர்கோவிலில் படித்து, திருவனந்தபுரத்தில் பட்டம் பெற்று, சென்னையில் ஆனந்தராவ் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்து, 1929-ல் சிதம்பரம் வந்தார். பல்கலைக்கழகம் பிறந்த ஆண்டும் அதுவே.

என்ன கண்டுபிடித்தார்? கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கடைவீதிக் கணக்கைப் போலவே சொல்லிவிடலாம்.

ஒரு நாட்டில் ஒரு விந்தையான நாணயச் சட்டம் என்று வைத்துக்கொள்வோம். நாணயங்கள் 1, 64, 729, 4096 என்று போகின்றன. இரண்டை ஆறு முறை எழுதிப் பெருக்கினால் 64. மூன்றை அப்படிப் பெருக்கினால் 729. நான்கை என்றால் 4096. ஆறாம் அடுக்கு என்பது இதுதான். இந்த நாணயங்களைக் கொண்டே எந்தத் தொகையையும் சில்லறை மிச்சமின்றிக் கொடுக்க வேண்டும். கேள்வி இதுதான்: எவ்வளவு பெரிய தொகையானாலும், மிகமிகப் போனால் எத்தனை நாணயம் கையில் இருந்தால் போதும்?

703 ரூபாய் கொடுக்கவேண்டும் என்று வையுங்கள். 729 பெரிதாகிவிட்டது, உதவாது. 64-ஐப் பத்து முறை கொடுத்தால் 640. மீதி 63-க்கு ஒவ்வொன்றாக 63 காசு. ஆக 73 நாணயம்! அதற்குக் குறைவாகக் கொடுக்க வழியில்லை. சரி, 703-க்கு 73 வேண்டும். கோடிக்கு? கோடி கோடிக்கு? எங்கேயாவது ஒரு தொகை 74 கேட்காதா? கேட்காது, எந்தக் காலத்திலும் கேட்காது, 73 போதும் என்று 1940-ல் நிரூபித்தவர் பிள்ளை.

இந்தக் கேள்வியை எழுப்பியவர் வாரிங் என்ற ஆங்கிலேயர், ஆண்டு 1770. சதுர எண்கள் என்றால் நான்கு போதும். கன எண்கள் என்றால் ஒன்பது. நான்காம் அடுக்கு என்றால் பத்தொன்பது என்றார். சொன்னாரேயன்றி நிரூபிக்கவில்லை. ஒவ்வோர் அடுக்குக்கும் ஏதோ ஓர் எல்லை உண்டு என்பதையே 1909-ல்தான் ஜெர்மனியின் ஹில்பர்ட் காட்டினார். அந்த எல்லை எது? 1936-ல் அமெரிக்காவின் டிக்சனும் அண்ணாமலை நகரின் பிள்ளையும், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே, ஏழாம் அடுக்கிலிருந்து மேலே எல்லாவற்றுக்கும், ஒரு சிறு நிபந்தனையோடு, விடையைத் தந்தார்கள். டிக்சனிடம் இருந்தது சிகாகோப் பல்கலைக்கழகம். பிள்ளையிடம் இருந்தது ஏழு வயதுப் பல்கலைக்கழகமும் அதன் நூலகமும்!

பிள்ளை தனி மரமும் அல்லர். இந்தியக் கணிதக் கழகத்தின் மாணவர் ஏடு 1933-ல் தொடங்கியபோது அதன் ஆசிரியர், அதே அண்ணாமலை நகரின் பேராசிரியர் நரசிங்கராவ். காவிரிக் கால்வாய் ஓரத்தில் ஒரு கணிதக் குடும்பமே இருந்தது என்று சொல்லலாம்.

இதையெல்லாம் இப்போது எதற்குக் கிளறுகிறீர் என்பீர்கள். காரணம் இருக்கிறது.

இப்போது எங்கு பார்த்தாலும் ஒரே பேச்சு: செயற்கை நுண்ணறிவு! 2025 சூலையில் ஆஸ்திரேலியாவில் நடந்த உலகக் கணித ஒலிம்பியாடின் ஆறு கேள்விகளில் ஐந்தைக் கூகுளின் இயந்திரமும் ஓப்பன்-ஏஐ இயந்திரமும் தீர்த்துவிட்டன. 42-க்கு 35 மதிப்பெண். தங்கப் பதக்கத் தரம். சாதனைதான், மறுப்பானேன்? (முழு 42-ம் வாங்கிய மாணவர்களும் அங்கே இருந்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்வோர் குறைவு.) உடனே இங்கே ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. "இனிக் கணிதம் எதற்கு? கோட்பாட்டு இயற்பியல் எதற்கு? எல்லாம் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு இயந்திரத்தை இயக்கச் சொல்லிக்கொடுத்தால் போதும்" என்கிறார்கள்.

போதுமா? அந்த இயந்திரத்தின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது என்ன? அணிக்கோவை, நுண்கணிதம், நிகழ்தகவு! 2024-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு ஹாப்ஃபீல்டுக்கும் ஹின்டனுக்கும் கிடைத்தது. எதற்காக? இயந்திரம் கற்கும் முறைக்கு, இயற்பியலின் கருத்துகளைக் கொண்டு அடித்தளம் போட்டதற்காக. காந்தத்தின் அணுக்கள் எப்படி வரிசைப்படுகின்றன என்ற ஆராய்ச்சி, "இதனால் அரிசி விலை குறையுமா?" என்று கேட்கப்பட்டிருக்கக்கூடிய ஆராய்ச்சி, அதுவே அந்தத் தளத்தில் ஒரு கல்!

பிள்ளையே விட்டுச்சென்ற கேள்வி ஒன்று இன்னும் நிற்கிறது. 8 என்பது கன எண், 9 என்பது சதுர எண், இடைவெளி ஒன்று. இப்படி ஒன்றே இடைவெளியாக உள்ள அடுக்கெண்கள் வேறு இல்லை என்று 1844-ல் கத்தலான் ஊகித்தார். 2002-ல்தான் மிகைலெஸ்கு நிரூபித்தார். பிள்ளை இன்னும் பெரிதாகக் கேட்டார்: இடைவெளி இரண்டானால்? மூன்றானால்? எந்த எண்ணானாலும் அப்படிப்பட்ட இணைகள் எண்ணி முடிக்கக்கூடியவைதாமா? இடைவெளி இரண்டுக்கு 25-ம் 27-ம் உண்டு. வேறு இணை கண்ணில் பட்டதில்லை. இல்லவே இல்லை என்று நிரூபித்தாரும் இல்லை. 1936-ல் வைத்த அந்தச் சிறு நிபந்தனையும் அப்படித்தான். 1990-ல் கணிப்பொறி 47 கோடியே 16 இலட்சம் அடுக்கு வரை சரிபார்த்துவிட்டது, எங்கும் பிசகவில்லை. ஆனால் சரிபார்ப்பது வேறு. என்றென்றைக்கும் சரியென்று காட்டுவது வேறு. நாளை இயந்திரமே துணைநின்று காட்டக்கூடும், காட்டட்டும், மகிழ்வோம். அது காட்டுவது சரியா என்று பார்த்துச் சொல்ல நம் ஊரில் ஓர் ஆள் வேண்டாமா?

மற்றொரு கூட்டம் இருக்கிறது. "எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே" என்பது அவர்கள் பல்லவி. ஜெனீவாவின் அணு ஆராய்ச்சிக் கூடத்தில் 2004-ல் நடராசர் சிலை வைத்தார்கள். உடனே வெட்டவெளியின் இயற்பியல் முழுவதும் தில்லையில் அன்றே இருந்தது என்கிறார்கள். வெட்டவெளி என்று சொல்வது வேறு ஐயா, அதன் ஆற்றலைச் சமன்பாட்டில் எழுதி, சோதித்து, தவறானால் திருத்துவது வேறு! வேதக் கணிதம் என்று 1965-ல் வந்த நூலின் சூத்திரங்கள், அறியப்பட்ட வேத ஏடுகளில் காணப்படவில்லை என்று அதன் பதிப்பாசிரியரே முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு இன்று பட்டயப் படிப்பு, பயிற்சிக் கூடம்! நிரூபணத்தோடு எழுதிவைத்துப் போன பிள்ளைக்கோ பாடநூலில் ஒரு பத்தி கிடைத்தால் பெரிது.

மேதை தானே முளைப்பான், உதவி எதற்கு என்போரும் உண்டு. அவர்களுக்குக் கடலூரிலிருந்தே விடை இருக்கிறது. கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னாற்காடு மாவட்டத்தில்தான் திருக்கோவலூர் இருந்தது. இன்று அது கள்ளக்குறிச்சி மாவட்டம். 1910-ல் அந்த ஊர் டெபுடி கலெக்டரிடம் ஓர் இளைஞர் நோட்டுப் புத்தகத்தோடு போய், ஒரு குமாஸ்தா வேலை கேட்டு நின்றார். அவர்தான் இராமானுசன்! அந்த அதிகாரி வி. இராமசுவாமி அய்யர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். நோட்டைப் புரட்டினார். வருவாய்த்துறையின் அடிமட்ட வேலையில் இந்த அறிவை நசுக்க மனம் வராமல், சென்னைக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அப்போதும் விடியவில்லை. துறைமுகத்தில் முப்பது ரூபாய்க் குமாஸ்தாவாக இருந்து, 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் உதவித்தொகை கொடுத்த பிறகுதான் சோற்றுக் கவலை நீங்கிக் கணிதம் ஒன்றே வேலையாயிற்று. எழுபத்தைந்து ரூபாய்! மேதை முளைத்தது தானாக இருக்கலாம், தண்ணீர் ஊற்றியது பொதுப்பணம்.

மாற்றுக் கட்சி செய்ததையும் மறைக்க வேண்டியதில்லை. 1960-ல் சென்னை வந்த டென்மார்க்கு அறிஞர் நீல்சு போர், அல்லாடி இராமகிருட்டிணன் தம் வீட்டில் நடத்திய இயற்பியல் வகுப்பைப் பாராட்டினார். 1962-ல் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. காங்கிரசு ஆட்சிக் காலம். நல்ல காரியம். பலன் என்ன? நான்காம் அடுக்குக்குப் பத்தொன்பது என்று வாரிங் சொன்னாரே, அதை 1986-ல் இரு பிரெஞ்சு அறிஞர்களோடு சேர்ந்து நிரூபித்தவர் இரா. பாலசுப்பிரமணியன், பின்னாளில் அந்நிறுவனத்தின் இயக்குநர். பிள்ளையின் ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் வெளியிட்ட இருவரில் ஒருவரும் அவரே.

பிள்ளை சிதம்பரத்தை விட்டுத் திருவிதாங்கூர் போனார், பிறகு கல்கத்தா. 1950-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் ஓராண்டு தங்க அழைத்தது. ஹார்வர்டில் உலகக் கணித மாநாடு வேறு. புறப்பட்டார். ஆகஸ்டு 31 அன்று கெய்ரோவுக்கருகே விமானம் தீப்பற்றி வீழ்ந்தது. 55 பேர் மாண்டனர், அவரும் ஒருவர். வயது நாற்பத்தொன்பது.

2013-ல் சட்டமியற்றி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு ஏற்றுக்கொண்டது. அன்று முதல் அது நம் சொத்து, ஆகவே நம் பொறுப்பு. மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஓய்வுபெற்றோர் நாற்காலிகள் நிரப்பப்படாமல் கிடப்பதாகச் செய்தி வருகிறது. "கணிதம் எடுத்தால் வாத்தியார் வேலைதானே" என்று பெற்றோரும் கைவிரிக்கிறார்கள். கோட்டையில் இருப்போர் எக்கட்சியினராயினும் நாம் கேட்பது இது: இயந்திரக் கூடங்களுக்குக் கோடிகள் ஒதுக்கும்போது, அதில் ஒரு துளியைக் கணிதத்துக்கும் கோட்பாட்டு இயற்பியலுக்கும் ஒதுக்குங்கள். கடலூர் மாவட்டத்து மீனவர் வீட்டுப் பெண்ணும், பண்ணுருட்டி முந்திரித் தோப்புக் கூலியின் மகனும் ஐந்தாண்டு சோற்றுக் கவலையின்றி ஆராய, பிள்ளையின் பெயரால் உதவித்தொகை கொடுங்கள். காலி நாற்காலிகளை நிரப்புங்கள். அவருடைய ஆய்வுகளைப் பள்ளி மாணவருக்குப் புரியும் தமிழில் எழுதச் செய்யுங்கள்.

எழுத முடியுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு சோதனை. கடலூர் முதுநகரில் வண்டி ஏறுங்கள். கையில் ஒரு தாள் போதும். அடுத்தடுத்த பதினாறு எண்களோ அதற்குக் குறைவாகவோ எடுத்தால், மற்ற எதனோடும் பொது வகுத்தி இல்லாத எண் ஒன்றாவது அதில் இருந்தே தீரும் என்று பிள்ளை காட்டினார். பதினேழு எடுத்தால் அந்த உறுதி போய்விடும். முதன்முதல் போவது 2184 முதல் 2200 வரை. அந்தப் பதினேழில் ஒவ்வொன்றுக்கும் கூட்டாளி ஒன்று உள்ளே இருக்கிறது. ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளை தாண்டிச் சிதம்பரம் வருவதற்குள் பள்ளிப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். 2189 மட்டும் சற்று முரண்டு பிடிக்கும். அதைப் பதினொன்றால் வகுத்துப் பார்த்துவிட்டு, 2200-ஐயும் வகுத்துப் பாருங்கள்.