பேட்டரியை மாற்றும் முன்…

விடியற்காலை மார்க்கெட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் வேன் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் அன்றைய வியாபாரமே கெட்டது. உடனே புது பேட்டரி வாங்கிப் போடுவது நம்மில் பலரின் வழக்கம். எங்கள் கடை வேனுக்கும் அப்படித்தான் செய்தோம். இரண்டே வாரத்தில் வண்டி மறுபடி நின்றது. குறை பேட்டரியில் இல்லை. தளர்ந்துபோன எர்த் ஒயரில் இருந்தது!

ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் இதை நாமே கண்டுபிடிக்கலாம்.

1. இரவு முழுவதும் நின்ற வண்டியில் பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதிதான்.

2. எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். சுமார் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். (கணினி கட்டுப்பாடுள்ள புதிய வண்டிகளில் இது மாறும்.) ஏறவேயில்லை என்றால் சார்ஜ் ஆகவில்லை. முதலில் பெல்ட்டைப் பாருங்கள், பிறகு ஒயர்களை. ஆல்டர்னேட்டரைக் கழற்றுவது கடைசியில்தான். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும்.

3. எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, மீட்டரின் ஒரு ஒயரை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றதை ஆல்டர்னேட்டரின் உடம்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பெரும்பாலும் துருவைச் சுரண்டி போல்ட்டை முடுக்கினாலே போதும்.

பெல்ட்டில் கையோ வேட்டியோ படாமல் கவனம் தேவை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்க யாரையும் விடாதீர்கள். ஆல்டர்னேட்டரின் டையோடுகள் கெட்டுவிடக்கூடும்.

எடை பார்க்காமல் சரக்கு எடுப்போமா? பேட்டரியையும் அளந்து பார்த்தே மாற்றுவோம்.