பயணமும் பயனும்

ஊர் காண்டற்கும் உற்றாரைக் காண்டற்கும் பொருளீட்டற்கும் மக்கள் பயணஞ் செய்வர். சென்றடைய இடமொன்றும் வேண்டாது, பறந்த தூரத்தைக் கணக்கில் ஏற்றுதற்கே விமானமேறுவாரும் உளர். அமெரிக்க நாட்டார் இதனை ‘மைலோட்டம்’ என்பர். இதனாற் பெறும் பயன் யாது? ஆராய்வாம்.

1981 ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கன் எயர்லைன்ஸ் என்னும் கம்பனி, தன் விமானங்களில் அடிக்கடி செல்வோர் பறந்த மைல்களைக் கணக்கிட்டு, அவற்றுக்கு ஈடாக இலவசச் சீட்டு வழங்கும் முறையைத் தொடங்கிற்று. பிற கம்பனிகளும் அதனைப் பின்பற்றின. சீட்டு எத்துணை மலிவாயினும் மைல் குறையாதாகலின், கணக்கறிந்தார் சிலர் மலிந்த சீட்டையும் நெடிய வழியையும் தேடிப் பறந்து, விமான நிலையத்தை விட்டு வெளிவராமலே மீண்டனர்.

லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயோர்க் சென்று மீள ஏறத்தாழ 4,950 மைல். ஒரு மைலை ஒரு சதமென மதிப்பின், அது 50 டொலரளவாகும். வரி நீங்கலாகச் சீட்டின் விலை 200 டொலராயின், கொடுத்ததிற் காற்பங்கே மீண்டதாம். எனினும், ஓராண்டில் குறித்த தொகை மைலைக் கடந்தார்க்கு மறு ஆண்டில் மேலான இருக்கையும் முன்னுரிமையும் கிடைத்தன. ஆதலின், ஆண்டிறுதியிற் சில நூறு மைல் குறைந்து நின்ற ஒருவர், அடுத்த ஆண்டும் பலகாற் பறக்க வேண்டியவராயின், அவர்க்கு இது நட்டமன்று.

அக்கணக்கும் பின்னர் மாறிற்று. 2015 இல் டெல்ராவும் யுனைற்றெட்டும், 2016 இல் அமெரிக்கன் எயர்லைன்சும், தூரத்தை விடுத்துச் சீட்டின் விலைக்கே மைல் வழங்கத் தலைப்பட்டன. சாதாரண உறுப்பினர்க்கு ஒரு டொலருக்கு 5 மைல் என அப்போது வகுத்தனர். முற்கூறிய பயணம் அவ்விதிப்படி 1,000 மைலையே ஈயும். அதன் மதிப்பு 10 டொலர். 2024 முதல் டெல்ரா, முன்னுரிமைக்குரிய தகுதியையும் செலவிட்ட பணத்தைக் கொண்டே அளக்கலாயிற்று. மைல் என்னும் பெயர்மட்டும் எஞ்சிற்று.

மற்றொன்றும் கருதத்தக்கது. மைலை வழங்குவதும் அதன் மதிப்பைக் குறைப்பதும் ஒரே கம்பனியின் கையில் உள்ளன. பல்லாண்டு சேமித்தவன் ஒரு நாளிற் பாதியை இழத்தலும் கூடும்.

ஒரு தொழில் நிகழ்தற்குச் செய்வோன், கருவி, காலம், இடம் என்பவற்றோடு பயனையும் சேர்த்து எண்ணினர் நம் இலக்கண நூலார். மைல் பயணத்தை அளக்குங் கருவி. அக்கருவியையே பயனாகக் கொண்டவன், ஓய்வு நாளையும் உறக்கத்தையும் கொடுத்து, மீண்டும் பறக்கும் உரிமையையே பெறுகின்றான். வேறு கருமம் பற்றிச் செல்லுங்கால் வந்து சேரும் மைலை ஏற்றுக்கொள்க. அதற்கென்றே பறத்தல் வேண்டா.