பழைய காருக்குப் புதிய எஞ்சின்: ஏறுமா, நிற்குமா?

தோட்டத்து பங்களா ஒன்றின் பின்புறக் கொட்டகையில் பல வருடங்களாகப் படங்கு போர்த்திக் கிடந்த சிவப்பு நிற எம்.ஜி. மிட்ஜெட் கார் ஒன்றை எனது நானா சென்ற வருடம் வாங்கி வந்தார். ஓட்டி வரவில்லை, லொறியில் ஏற்றி வந்தார். இரண்டே பேர் அமரக்கூடிய, மேற்கூரையைக் கழற்றி வைக்கக்கூடிய, அந்தக் காலத்துச் சிறிய பந்தய மாதிரிக் கார் அது. எஞ்சின் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது.

பதுளையில் கராஜ் வைத்திருக்கும் பாஸ் ஒருவர் வந்து பார்த்தார். "இதைத் திருத்துற காசுக்கு ஜப்பான் எஞ்சின் ஒண்டு போட்டுடலாம் தம்பி. ஹப்புத்தளை ஏத்தமெல்லாம் பறக்கும்" என்றார். நானாவின் முகம் மலர்ந்தது. இருபது வருடம் இந்த மலைப் பாதைகளில் லொறி ஓட்டிய வாப்பா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "ஏறும் மகன். இறக்கத்தில நிக்குமா?"

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நான் அறிந்துகொண்டவையே இந்தக் கட்டுரை.

எஞ்சினை ஏன் மாற்றுகிறார்கள்?

மிட்ஜெட் கார் 1961 முதல் 1979 வரை இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டது. அதன் எஞ்சின் எமக்கு அந்நியமானதல்ல. ஆரம்ப கால மிட்ஜெட்டில் இருந்ததும், எங்கள் வீதிகளில் இன்றும் காணக்கூடிய மொரிஸ் மைனரில் இருந்ததும் ஒரே குடும்பத்து எஞ்சின்தான். எளிமையானது, உறுதியானது. ஆனால் வயதானது.

மலைநாட்டில் அதற்கு இன்னொரு சிரமமும் உண்டு. ஹப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1400 மீற்றருக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட அண்ணளவாக ஏழில் ஒரு பங்கு குறைவு. பழைய எஞ்சினில் பெற்றோலையும் காற்றையும் கலப்பது கார்புரேட்டர். அதற்குக் காற்று மெலிந்தது தெரியாது; பெற்றோலைக் குறைத்துக் கொடுக்கவும் தெரியாது. எனவே வலு குறைகிறது, பெற்றோல் வீணாகிறது, புகையும் வருகிறது. புதிய எஞ்சினில் உணரிகள் காற்றை அளக்கின்றன. சிறிய கணினி ஒன்று அதற்கேற்ற அளவு பெற்றோலை மட்டும் தெளிக்கிறது. மலையில் புதிய எஞ்சின் இலகுவாக ஓடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

பொருளாதாரமும் சேர்ந்துகொண்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களின் விலையும் மதிப்பும் ஏறின. இருப்பதைத் திருத்தி ஓட்டுவதே புத்திசாலித்தனம் என்று பலர் நினைத்தனர். கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் பாவித்த ஜப்பான் எஞ்சின்கள் கியர் பெட்டியோடு சேர்த்தே கிடைக்கின்றன. வாங்குவது சுலபம். கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

எஞ்சின் தனியாக வருவதில்லை

முதலில், எல்லா எஞ்சினும் எல்லாக் காருக்கும் பொருந்தாது. மிட்ஜெட்டின் எஞ்சின் முன்னும் பின்னுமாக நீளவாட்டில் இருந்து பின் சக்கரங்களைச் சுழற்றுகிறது. இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் எஞ்சின் குறுக்குவாட்டில் இருந்து முன் சக்கரங்களைச் சுழற்றுகிறது. அதை அப்படியே தூக்கி இதில் வைக்க முடியாது.

பொருத்தமான எஞ்சின் கிடைத்தாலும், அது தொடுகின்ற ஒவ்வொரு பாகமும் மாற வேண்டும். எஞ்சினைத் தாங்கும் தாங்கிகளைப் புதிதாகச் செய்து ஒட்ட வேண்டும். கியர் பெட்டியிலிருந்து பின் சக்கர அச்சுக்குச் செல்லும் தண்டின் நீளம் மாறும். அதிக வலு அதிக வெப்பத்தையும் தருவதால் ரேடியேட்டர் பெரிதாக வேண்டும்.

பெற்றோல் குழாயைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கார்புரேட்டருக்கு மிகக் குறைந்த அழுத்தத்தில் பெற்றோல் வந்தால் போதும். தெளிக்கும் முறையில் அந்த அழுத்தம் பல மடங்கு அதிகம். பழைய இறப்பர்க் குழாயை அப்படியே விட்டால் அது வெடித்து, சூடான எஞ்சின் மேல் பெற்றோல் சிந்தக்கூடும். கார் தீப்பற்ற அது போதும்.

மின்சாரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 1967க்கு முன் தயாரான மிட்ஜெட் கார்களில் பற்றரியின் நேர் முனையே காரின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய வாகனங்களில் மறை முனைதான் அவ்வாறு இணைக்கப்படுகிறது. இதைக் கவனிக்காமல் புதிய எஞ்சினின் கணினியை இணைத்தால் ஒரு நொடியில் அது கருகிப்போகும்.

மூன்று கார்கள், மூன்று பாடங்கள்

பெரிய தொழிற்சாலைகளும் இந்த வேலையைச் செய்திருக்கின்றன. அவற்றின் வெற்றியும் தோல்வியும் எமக்குப் பாடம்.

முதலாவது, மிட்ஜெட்டின் அண்ணன் எனச் சொல்லத்தக்க எம்.ஜி.பி. 1962இல் வந்த இந்தக் காரில் 1.8 லீற்றர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. இங்கிலாந்தில் கென் கொஸ்டெல்லோ என்பவர் அதை எடுத்துவிட்டு, ரோவர் கார்களில் இருந்த 3.5 லீற்றர், எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். அதைப் பார்த்த தொழிற்சாலையே 1973இல் அத்தகைய காரை வெளியிட்டது. இரட்டிப்பு சிலிண்டர் என்றால் இரட்டிப்புப் பாரம் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் அந்தப் பெரிய எஞ்சின் அலுமினியத்தால் ஆனது. பழைய இரும்பு எஞ்சினைவிடச் சற்றுப் பாரம் குறைந்தது. ஆகவே காரின் முன்பக்கம் தாழவில்லை. அப்படியிருந்தும் தொழிற்சாலை பிரேக்கையும் ஸ்பிரிங்கையும் பலப்படுத்தியது. ரேடியேட்டருக்கு இரண்டு மின்விசிறிகளைப் பொருத்தியது. எஞ்சின் எவ்வளவு வலுவானது என்பதோடு எவ்வளவு பாரமானது என்பதையும் பார்க்க வேண்டும் என்பது முதற் பாடம்.

இரண்டாவது, இந்தியாவின் கொன்டெஸா. 1980களில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வெளியிட்ட இந்தப் பெரிய கார், முதலில் ஏறத்தாழ 50 குதிரைவலு மட்டுமே தரும் பழைய பிரித்தானிய வடிவமைப்பு எஞ்சினோடு வந்தது. ஒரு தொன்னுக்கு மேற்பட்ட வண்டியை இழுக்க அது திணறியது. பின்னர் ஜப்பானின் இசுசு 1.8 லீற்றர் எஞ்சினைப் பொருத்தினார்கள். அதோடு ஐந்து கியர் கொண்ட புதிய கியர் பெட்டியையும் சேர்த்தார்கள். கார் உயிர்பெற்றது, 2000களின் தொடக்கம் வரை விற்பனையானது. எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரு சோடி, பிரிக்கக்கூடாது என்பது இரண்டாவது பாடம்.

மூன்றாவது, சென்னையின் ஸ்டாண்டர்ட் 2000. இது தலைகீழான கதை. 1985இல் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் ரோவர் நிறுவனத்தின் நவீன, அழகான காரின் உடலை எடுத்தது. ஆனால் அதற்குள் வைத்தது 1940களில் பிறந்த வான்கார்ட் எஞ்சினின் வழிவந்த இரண்டு லீற்றர் எஞ்சினை! இந்த எஞ்சின் குடும்பம் சாதாரணமானதல்ல. ஃபெர்குசன் உழவு இயந்திரத்தில் உழுதது. 1953இல் வந்த டிரயம்ஃப் டி.ஆர்.2 என்ற இலேசான பந்தயக் காரிலும் புகழ் பெற்றது. ஆனால் அந்தப் பெரிய காரை இழுக்க அதனால் முடியவில்லை. பெற்றோலைக் குடித்தது, வேகம் வரவில்லை. சில வருடங்களிலேயே உற்பத்தி நின்றுபோனது. உழவு இயந்திரத்திலும் பந்தயக் காரிலும் நன்றாக இருந்த எஞ்சின் இதில் ஏன் தோற்றது? எஞ்சின் கெட்டதல்ல, சோடி பொருந்தவில்லை. இது மூன்றாவது பாடம்.

இறக்கத்தின் கணக்கு

இனி வாப்பாவின் கேள்விக்கு வருவோம். எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு முப்பது கிலோமீற்றருக்கும் குறைவான தூரம். அந்தத் தூரத்தில் வீதி ஏறக்குறைய 800 மீற்றர் கீழே இறங்குகிறது. ஆட்களும் சாமான்களுமாக ஒரு காரின் நிறை 1000 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். விஞ்ஞான பாடத்தில் படித்தபடி, திணிவு, புவியீர்ப்பு ஆர்முடுகல், உயரம் மூன்றையும் பெருக்கினால் அதன் அழுத்த சக்தி கிடைக்கும். 1000 × 10 × 800 என்றால் 80 இலட்சம் யூல்.

இந்தச் சக்தி எங்கே போகும்? கார் கீழே வந்து நிற்பதற்குள் அது முழுவதும் வெப்பமாக மாறியாக வேண்டும். சாதாரண வெப்பநிலையில் உள்ள ஏறக்குறைய 24 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கக்கூடிய வெப்பம் அது. காற்றும் டயரும் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சினும் பிரேக்கும் பங்கிட வேண்டும்.

எஞ்சின் எப்படிப் பங்கிடுகிறது? சிறிய கியரில் இறங்கும்போது சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. எஞ்சின் அதைத் தடுத்துப் பிடிக்கிறது. "ஏறுன கியர்லயே இறங்கு" என்று பழைய சாரதிமார் சொல்வது இதனால்தான். கியரைச் சும்மா விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் அவ்வளவு வெப்பமும் பிரேக் மேல் விழும். பிரேக் எண்ணெய் பழையதாகி ஈரத்தை உறிஞ்சியிருந்தால் அது விரைவில் கொதிக்கும். டொட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை தாங்க வேண்டும். ஈரம் சேர்ந்த நிலையில் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். அப்போது பெடலை மிதித்தால் அது தரை வரை போகும், கார் நிற்காது.

எஞ்சினை மாற்றும்போது இந்தக் கணக்கில் மூன்று விடயங்கள் மாறுகின்றன.

ஒன்று, வேகம். மணிக்கு 50 கிலோமீற்றரில் போன கார் 70இல் போனால் அதன் இயக்க சக்தி ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பிரேக் மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது.

இரண்டு, பாரம். முன்பக்கம் பாரமானால் வளைவில் கார் திரும்ப மறுக்கும். முன் பிரேக்கின் சுமையும் கூடும்.

மூன்று, பலரும் அறியாதது. பல கார்களில் பிரேக் பெடலுக்கு உதவி செய்யும் ஒரு கருவி உண்டு. பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தில்தான் அது வேலை செய்கிறது. டீசல் எஞ்சினில் அத்தகைய வெற்றிடம் உண்டாவதில்லை; அதற்கென்று தனியான பம்பு வேண்டும். பெற்றோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சினைப் போடும்போது அந்தப் பம்பைப் பொருத்தாமல் விட்டால், பெடல் கல்லைப் போல் இறுகிவிடும். இறக்கத்தில் டீசல் எஞ்சின் தடுத்துப் பிடிப்பதும் பெற்றோல் எஞ்சினைவிடப் பொதுவாகக் குறைவு.

வேகத்தின் ஆபத்து, அதை விரும்பி ஓட்டுபவருக்கு மட்டும் உரியதல்ல. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ஓட்டப் பந்தயத்தில் பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் ஏழு பேர் உயிரிழந்தனர். அவர்களில் சிறுமி ஒருவரும் இருந்தார். அன்று இறந்தவர்களின் வீடுகள் எங்கள் மாகாணத்திலும் உண்டு. வீதி ஓரமாகப் பாடசாலைக்கு நடந்து போகும் பிள்ளைகளும், கொழுந்து நிறுக்கப் போகும் தாய்மாரும் எந்தக் காரின் எஞ்சினையும் தெரிவு செய்தவர்கள் அல்லர்.

புத்தகத்தில் உள்ள இலக்கம்

வாகனப் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் அதன் கொள்ளளவும் எரிபொருள் வகையும் எழுதப்பட்டிருக்கும். எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். புதிய எஞ்சின் எங்கே வாங்கப்பட்டது என்பதற்கான பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். சான்றிதழில் ஓர் எஞ்சினும் காரில் வேறோர் எஞ்சினும் இருக்க விபத்து நடந்தால், நட்டஈடு மறுக்கப்பட இடமுண்டு. அப்போது கஷ்டப்படுவது ஓட்டியவர் மட்டுமல்ல, முழுக் குடும்பமும்தான்.

எந்த வேலை முதலில்?

இத்தனையும் அறிந்த பின், பழைய காருக்குப் புதிய எஞ்சின் போடுவது தவறு என்று நான் நினைக்கவில்லை. ஒழுங்காகச் செய்தால் அது நல்ல வேலை. கைவிடப்பட்ட ஒரு பொருளுக்கு மறுவாழ்வு கிடைக்கிறது; புகை குறைகிறது; எங்கள் கராஜ்களில் உள்ளவர்களின் கைத்திறனும் வளர்கிறது. வரிசை மட்டும் மாறக்கூடாது. முதலில் பிரேக், பிறகு ஸ்டியரிங், டயர், ஸ்பிரிங். அதன் பின் குளிர்விக்கும் அமைப்பும் பெற்றோல் குழாய்களும். எஞ்சின் கடைசி.

இந்தக் கணக்குகளை ஒரு தாளில் எழுதி நானாவிடம் கொடுத்தேன். 24 லீற்றர் தண்ணீர்க் கணக்கை அவர் இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு எஞ்சினுக்கென்று வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து முன் டிஸ்க்குகள், பின் பிரேக் சப்பாத்துகள், குழாய்கள், எண்ணெய் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிவிட்டார். அந்த வேலை சென்ற மாதம் முடிந்தது.

மிட்ஜெட் இன்னும் எங்கள் முற்றத்தில் எஞ்சின் இல்லாமல்தான் நிற்கிறது. அண்டை வீட்டார் சிரிக்கிறார்கள். சென்ற வெள்ளிக்கிழமை நானா அதைத் தள்ளி முற்றத்துச் சரிவில் விட, உள்ளே அமர்ந்திருந்த வாப்பா பெடலை மிதித்துப் பார்த்தார். கார் நின்றது. "சரி மகன், இனி எஞ்சின் பாக்கப் போவம்" என்றார்.